லெட்சுமியக்காவின் மண்

இங்கே தோட்டம் என்றால் தோட்டமில்லை. மலாயாவில் கேமரன் மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் வாரம், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக் குழாயடியில் “ஊர்ல எங்களுக்குத் தோட்டம் இருக்கு” என்று சொல்லிவிட்டேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“எத்தன ஏக்கர்?” என்றாள் அடுத்த வீட்டு லெட்சுமியக்கா.

“ரெண்டு.”

“ரெண்டு ஏக்கர் தோட்டத்துல தொரை எங்க படுப்பாரு, கொழுந்துக் கூடையிலயா?”

குழாயடியே சிரித்தது. இங்கே தோட்டம் என்பது மலை மலையாக விரிந்த தேயிலை எஸ்டேட். நாம் தோட்டம் என்று சொல்லும் காய்கறி நிலத்தை இவர்கள் மலாயில் கெபுன் என்கிறார்கள்.

லயத்தின் பின்சரிவில் லெட்சுமியக்காவுக்கு ஒரு கெபுன் உண்டு. பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்த கையோடு அதில்தான் நிற்பாள். அவளுடைய முட்டைக்கோஸைப் பார்த்து எனக்கு வந்த வயிற்றெரிச்சலை மறைக்கப் போவதில்லை. கொடைக்கானல் மேல்மலையில் எங்கள் அப்பா விளைவித்ததும் இதே கோஸ், இதே குளிரில்தான். ஆனால் எங்கள் மூட்டைகள் குதிரை முதுகில் இறங்கிச் சந்தை சேருமுன் பாதி வாடிவிடும். இங்கே பக்கத்துத் திரிங்காப் ஊர் வியாபாரியின் லாரி லயத்து வாசலிலேயே வந்து ஹாரன் அடிக்கிறது! எங்கள் மலையில் விவசாயம் மண் கெட்டுச் சாகவில்லை, வண்டி வராமல் செத்தது. கல்லடுக்கிப் படிக்கட்டுபோல இருந்த அந்த நிலத்தில் அண்ணன் இப்போது தைலமரம் வைத்துவிட்டான். சரிந்த கல்சுவரை எடுத்து வைக்க ஆளில்லை என்று எழுதுகிறான். கையில் கிடைத்த விவசாயப் புத்தகத்தையெல்லாம் படித்துத் தீர்த்த நான் லயத்தில் சோறு வடிக்கிறேன். லாரியோ லெட்சுமியக்காவுக்கு வருகிறது.

எனக்கும் ஒரு துண்டு வேண்டுமென்று அடம்பிடித்தேன். என் கணவர் எஸ்டேட் கணக்கெழுதும் கிராணியிடம் கேட்டு, அவள் கெபுனுக்கு நேர் கீழே ஓர் இடம் வாங்கித் தந்தார். நான் ஊர் வழக்கப்படி கல்லடுக்கிப் படிகள் கட்டினேன். அவள் பாத்திகளோ மேலிருந்து கீழாக ஓடின.

“முருகனுக்குப் படி கட்டுறியா தங்கச்சி?”

“மண்ணு ஓடாம இருக்கத்தான் அக்கா. நீங்களும் குறுக்கால பாத்தி போடுங்க.”

“குறுக்கால போட்டா தண்ணி நிக்கும் லா, வேரு அழுகிடும். நானும் பாக்குறேன், நீ கல்லத்தான் அறுக்கப் போற.”

அவள் புது நாற்று நட்டிருந்த வாரம் மழை பிடித்தது. விடிந்து போய்ப் பார்த்தால் அவள் பாத்திகளில் பாதி இல்லை. அத்தனை கறுப்பு மண்ணும் நாற்றோடு இறங்கி, என் கற்களுக்குப் பின்னால் பதமாக உட்கார்ந்திருந்தது. பொய் சொல்வானேன், மனம் குளிர்ந்தது.

கொழுந்துக் கூடையோடு அக்கா வந்து நின்றாள். “என் மண்ணக் குடு.”

“மழை கொண்டாந்துச்சு. நான் எடுக்கல.”

“கோழிச் சாணி போட்டுப் போட்டு நான் வளத்த மண்ணு. உன் படியில ஏறி உக்காந்தா உன்னுதாயிடுமா?”

மேலே லயத்துப் பின்வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்த என் கணவர் திரும்பினார். “மண்ணு தோட்டத்தோடது. இங்கயும் தேயிலை நடுன்னு தொரை சொன்னா ரெண்டு பேரும் கெளம்பணும். இதுல என்னுது உன்னுதுன்னு சண்ட.”

அவள் குனிந்து கையால் மண்ணை வாரினாள். மேலே அவள் சரிவில் அடிமண் சிவப்பாகத் தெரிந்தது. அதில் நாற்று பிடிக்காது. கோஸ் இல்லையென்றால் லாரி அவளுக்காக நிற்கப் போவதுமில்லை. நான் கப்பலேறும்போது ஊரில் எங்கள் மேட்டு நிலத்திலும் அந்தச் சிவப்பு எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது.

“கூடைய வைங்கக்கா. மண்ணு தரேன். ஆனா சுவரு இல்லாம கொட்டினா மறுபடி என்கிட்டதான் வரும்.”

“கட்டேன், யாரு வேணாங்குறா? ஓரத்துல தண்ணிக்கு மட்டும் வழி விடு. கீழ் படியில உன் கோஸு அழுகுறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?”

தெரிந்துதான் வைத்திருக்கிறாள். ஓரத்தில் வழி விட்டேன். அவள் கல் எடுத்துத் தர அவள் சரிவில் நான் கட்டிய சுவர், என்னுடையதைவிட நேராக வந்துவிட்டது. அதற்கும் எரிச்சல்தான். சொந்த நிலம் வைத்திருக்கும் அண்ணனுக்குக் கிடைக்காத என் கை, நாளைக்கே பிடுங்கப்படக்கூடிய இவள் சரிவுக்குக் கிடைத்ததே!

இப்போது மழை இறங்கினால் முதலில் அவள் சுவரை எட்டிப் பார்க்கிறேன், பிறகு என் படிகளை. இரண்டும் நிற்கின்றன என்று தெரிந்த பின்னும் காது அடங்குவதில்லை. ஊரில் யாரும் எட்டிப் பார்க்காத எங்கள் மேட்டில் இந்நேரம் எந்தக் கல் உருள்கிறதோ என்று, அது இந்த மழைக்குள்ளேயே காத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறது.