எங்கள் ஏஐக்கு முதலாளி ராகு காலம் சொல்லிக்கொடுத்தார்

இன்று எங்கள் பனியன் கம்பெனி கேட்டில் ஒரு லாரியை ராகு காலம் பிடித்து நிறுத்திவிட்டது.

நம்ம ஊர் ராகு காலம் இல்லை. துபாய் ராகு காலம்!

எங்கள் ஆபீஸில் கொஞ்ச நாளாக ஒரு ஏஐ வேலை பார்க்கிறது. பேக்கிங் லிஸ்ட், கேட் பாஸ் எல்லாம் அதுதான் போடும். முதலாளி அதற்கு வைத்த பெயர் 'கண்ணு'. (எங்களில் யாரையும் அவர் அப்படிக் கூப்பிட்டதே இல்லை.)

சாதாரண ஏஐ நேற்று சொன்னதை இன்று மறந்துவிடும். அதனால் கண்ணுவுக்கு நீண்ட நாள் ஞாபகத்துக்கென்று தனியாக ஒரு டூல் மாட்டியிருக்கிறோம். மைக்கில் 'ஞாபகம் வெச்சுக்கோ' என்றால் போதும், சேமித்துக்கொள்ளும். பிறகு அந்தப் பேச்சை மீறவே மீறாது.

அந்த டூலுக்குத் தமிழில் கையேடு எழுதுவது என் வேலை. 'சேமிப்பது எப்படி' எழுதியாகிவிட்டது. 'அழிப்பது எப்படி' பாக்கி. (அது யாருக்குத் தேவைப்படப்போகிறது என்ற நினைப்புதான்!)

முதலாளி கையேட்டைப் படித்தார். நேராக மைக் முன்னால் போய் நின்றார்.

"கண்ணு, ராகு காலத்துல நம்ம சரக்கு கெளம்பக் கூடாது. ஞாபகம் வெச்சுக்கோ சாமி."

"ஞாபகம் வைத்துக்கொண்டேன்."

அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

இன்று வெள்ளிக்கிழமை. ஜெர்மனிக்குப் போகிற குழந்தைகள் டீ-ஷர்ட் லோடு. இன்றே தூத்துக்குடி போய்ச் சேராவிட்டால் கப்பலை விட்டுவிடுவோம். அப்புறம் விமானத்தில்தான் அனுப்ப வேண்டும். 'ஏர்ல போகுது' என்று சொன்னால் திருப்பூரில் எந்த முதலாளிக்கும் முகம் செத்துவிடும். அந்த ஆர்டரில் சம்பாதித்தது மொத்தமும் ஆகாயத்தில் போய்விடும்.

நம்ம ஊர் ராகு காலம் முடிந்ததும் கேட் பாஸ் கேட்டேன்.

"இப்போது இயலாது. கப்பல் துபாய் வழியாகச் செல்கிறது. துபாயில் ராகு காலம் நடக்கிறது."

முதலாளி ஓடி வந்தார். "துபாய்க்கு எதுக்கு கண்ணு ராகு காலம்?"

"ராகு காலம் அந்தந்த ஊர்ச் சூரிய உதயத்தைப் பொறுத்தது. அடுத்து ஜெர்மனியில் தொடங்கும்."

(எங்களைவிட நன்றாகப் பஞ்சாங்கம் படித்திருக்கிறது!)

லாரி டிரைவர் திருநெல்வேலிக்காரர். ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, நான் கெளம்பவா, இல்ல இங்கனயே குடியிருக்கவா?"

அந்த ஞாபகத்தை அழிக்கச் சொல்லிப் பார்த்தேன். முதலாளி சொன்னதை முதலாளிதான் அழிக்க முடியும் என்றது கண்ணு.

"சார், 'மறந்துரு'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லீருங்க!"

"ஏனுங்கம்மணி, வெள்ளிக்கெழம அதுவுமா ராகு காலத்த மறந்துருன்னு என்ற வாயால சொல்றதுங்களா? கப்பலே போனாலும் செரி, அது ஆவாதுங்க."

சொல்லிவிட்டாரே தவிர, மனுஷனுக்கு வியர்த்துக் கொட்டுகிறது. லாரியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட! நாந்தான் காலைலயே பரஸ்தானம் வெச்சுட்டனுங்களே!"

தெரியாதவர்களுக்கு: கெட்ட நேரத்தில் கிளம்ப வேண்டியிருந்தால், முன்னதாகவே நல்ல நேரம் பார்த்து ஒரு பொருளை வெளியே இன்னொரு இடத்தில் வைத்துவிடுவார்கள். அப்போதே பயணம் கிளம்பிவிட்டதாக அர்த்தம். வெள்ளிக்கிழமை லோடு என்றால் முதலாளி ஒரு பெட்டியை எதிர் டீக்கடையில் வைத்துவிடுவார். இன்றும் வைத்திருக்கிறார்!

மைக்கைப் பிடித்தார். "கண்ணு, இந்த லோடுல ஒரு பொட்டி காலைல நல்ல நேரத்துலயே கெளம்பிருச்சு. எதுத்த டீக்கடைல இருக்குது. ஞாபகம் வெச்சுக்கோ."

நாங்கள் எல்லோரும் மைக்கைச் சுற்றிக் கூடிவிட்டோம்.

"பயணம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. கேட் பாஸ் தயார்."

ஒரே கைதட்டல்! லாரி கிளம்பிப் போயிற்று. முதலாளி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

அதே டீக்கடையில்தான்.

குடித்துவிட்டு கிளாஸை வைக்க இடம் தேடினேன். பக்கத்திலேயே வாட்டமாக ஒரு அட்டைப்பெட்டி.

மேலே 'ஜெர்மனி' என்று எழுதியிருந்தது.

ஆபீஸுக்கு ஓடினேன். "கண்ணு! ஒரு பெட்டி லாரில ஏறலைன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். டீக்கடையில் இருக்கிறது. நன்றாக ஞாபகம் இருக்கிறது."

"அப்ப ஏன் சொல்லல?"

"ஞாபகம் வைத்துக்கொள்ளத்தான் சொன்னீர்கள்."

இதை முதலாளியின் காரில் இருந்து டைப் செய்கிறேன். அவர் ஓட்டுகிறார், பெட்டி என் மடியில். டிரைவரின் போன் சுவிட்ச் ஆஃப். (கேட்டில் காத்திருந்தபோது பாட்டுக் கேட்டே சார்ஜைத் தீர்த்துவிட்டார்!)

தாராபுரம் ரோட்டில் யாராவது இருக்கிறீர்களா? பச்சைத் தார்ப்பாய் போட்ட லாரி வந்தால் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள், புண்ணியமாகப் போகும்.

காரணம் கேட்டால் என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். ராகு காலம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். டிரைவர் இறங்கி வந்து அடிப்பார்!