சந்தேகப்படச் சொன்ன கருவாட்டுக்காரி

காலை எட்டு மணி இருபது நிமிடம். மட்டக்களப்பில் புதிதாகத் திறந்த சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு கருவாட்டுப் பொதி. கண்ணாடிப் பைக்குள் ஆறு சூடை மீன்கள் ஒரே பக்கம் தலைவைத்துப் படுத்திருந்தன. பின்புறத்தில் பொடி எழுத்தில் ‘மீன், உப்பு’ என்று போட்டு, அதற்குக் கீழே ஆய்வுகூடத்தில் சோதிக்கப்பட்டது என்று ஓர் இலக்கமும் அச்சடித்திருந்தார்கள். மூக்கருகே கொண்டுபோனேன். ஒரு வாசமும் இல்லை. காசு வாங்கும் பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் வெட்கத்துக்கு ஒன்றை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

வாசமில்லாத கருவாட்டை நம்ப எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஒருகாலத்தில் கருவாட்டுப் பொதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொழும்புவரை பஸ்ஸில் போனவன் நான். அது அரசாங்கக் கருவாடு. அரக்கு முத்திரை வைத்தது. முத்திரை வைத்ததால் வாசம் குறைந்துவிடவில்லை என்பதை அந்த பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் சொல்வார்கள்.

சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்துபோனதற்கு அடுத்த வருசம் அது. நான் ஒரு பேப்பருக்கு நிருபராக இருந்தேன். முப்பது வரி எழுதி அனுப்புவேன். நாலு வரி வரும். அந்த நாலில் ஒன்று ‘எமது நிருபர்’. ஆனாலும் எனக்கு ஊரில் ஒரு மதிப்பு இருந்தது, என்னிடம் மோட்டார் சைக்கிள் இருந்தபடியால். அது தப்பியதில் என் கெட்டித்தனம் எதுவும் இல்லை. கடல் வந்த காலையில் அது கடலுக்கு எட்டாத வெல்லாவெளியில் ஒரு கராஜில் சக்கரம் கழற்றிக் கிடந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நடேசன் சேரின் அரசாங்க மோட்டார் சைக்கிளோ வாவிக்கரையில் ஒரு கண்ணா மரத்தின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. ஆகவே அவர் என் பின்சீட்டுக்கு வந்தார். அவருக்கு வாகனம், எனக்குச் செய்தி.

அந்த நாள்களில் நிவாரண லொறி என்ன கொண்டுவரும் என்று ஒருவருக்கும் தெரியாது. வெயிலில் கருகும் எங்களுக்குக் கம்பளிக் கோட்டு வந்தது. எனக்கும் ஒன்று கிடைத்தது. கண்ணாடிக்கு முன்னால் ஒருதரம் போட்டும் பார்த்தேன், படமெடுக்க யாரும் இல்லை, நல்லகாலம். ஆரையம்பதியில் மீன்பிடிக்கிற சனத்துக்கு வயலுக்கு மருந்தடிக்கிற டாங்கிகள் வந்தன. நீலநிறம், முதுகில் மாட்டுவது, நீளமான குழாய் வைத்தது. பலர் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து முக்காலியாக்கினார்கள். மனோன்மணியக்கா மட்டும் யோசித்தா. அவ கருவாடு போட்டுச் சந்தையில் விற்று இரண்டு பெண்பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவ. ஈ மொய்க்காமலிருக்க உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரைக் கையால் தெளித்துத் தெளித்துத் தோள்மூட்டு நொந்துபோனவ. டாங்கியில் அதை ஊற்றி முதுகில் மாட்டிக்கொண்டா. கருவாடு காயும் பந்தல் முழுவதும் கால்மணி நேரத்தில் தெளித்து முடிந்தது.

அதை வாவிக்கு அக்கரையில், பழுகாமத்திலிருந்து வந்த ஒரு விவசாயி பார்த்துவிட்டார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். வயல் வட்டையிலேயே காலம் போக்கிய மனிதருக்கு நீல டாங்கி என்றால் பூச்சிமருந்துதான். மாலைக்குள் செய்தி வாவியின் இரண்டு கரைக்கும் போய்விட்டது. என் செய்தி எதுவும் அந்த வேகத்தில் போனதில்லை. கடலோடு போனவர்களை நினைத்து மாதக்கணக்கில் மீன் தொடாமலிருந்த சனம் அப்போதுதான் மெல்லக் கருவாட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. மறுபடி நிறுத்திவிட்டது.

வியாபாரம் நின்ற மூன்றாம் வாரம் மனோன்மணியக்கா நடேசன் சேரின் கந்தோருக்கு வந்தா. நானும் அங்கே இருந்தேன்.

“சேர், என்ட கருவாட்டச் சோதிச்சுத் தாங்க.”

“நினைச்ச நேரம் எடுக்க ஏலா பிள்ளை. சந்தேகம் இருந்தாத்தான் மாதிரி எடுக்கலாம்.”

“அப்ப சந்தேகப்படுங்க.”

“எப்பிடிச் சந்தேகப்படுற? போன கிழமையும் உங்களிட்டத்தான் வாங்கித் திண்டன்.”

“மறுகா ஏன் சேர் அத வெளியில சொல்லல்ல?”

நடேசன் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். மனோன்மணியக்கா குரலைத் தாழ்த்தினா. பாஸ்போட் எடுத்து ஏஜென்சிக்காரனிடம் கொடுத்துவிட்டாவாம். இந்தக் கருவாடு போகாவிட்டால் பிள்ளைகளைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டுக் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போவதுதானாம். “சின்னவளுக்கு ஏழு வயசு சேர்” என்று மட்டும் சொன்னா.

யாராவது எழுத்தில் முறைப்பாடு தந்தால் எடுக்கலாம் என்றார் சேர். நாங்கள் பழுகாமத்துக்கே போனோம். அந்த விவசாயி கையெடுத்துக் கும்பிட்டார். “நான் வாயாலதான் சொன்னன் சேர், கையால ஒண்டும் சொல்லல்ல.” திரும்பி வந்ததும் மனோன்மணியக்காவின் பார்வை என்மேல் விழுந்தது.

“தம்பி, பேப்பருக்கு எழுதுறவர்தானே. எழுதுங்க.”

எழுதினேன். ‘மேற்படி கருவாட்டில் இரசாயனம் கலந்திருக்கலாமென ஐயம் எழுந்துள்ளமையால்’ என்று தொடங்கினேன். வாசித்துக் காட்டச் சொன்னா.

“என்ன தம்பி இது, கலியாணக் காட் மாதிரி? ‘இந்தப் பொம்புள ஊருக்கு நஞ்சு விக்கிறா’ எண்டு போடுங்க.”

“அவ்வளவுக்கு வேணாமக்கா.”

“போடுங்க. கொஞ்சமா எழுதினா கொஞ்சமாத்தான் சோதிப்பாங்க.”

போட்டேன். கையெழுத்தும் வைத்தேன். ஒரு சொல்லும் வெட்டுப்படாமல் போய்ச் சேர்ந்த என் எழுத்து அது ஒன்றுதான்.

மாதிரியை மூன்று பங்காகப் பிரிப்பது சட்டம். ஒன்று விற்றவருக்கு, ஒன்று கந்தோருக்கு, ஒன்று கொழும்பு ஆய்வுகூடத்துக்கு. அரக்கை உருக்கி முத்திரை வைக்கும்போது இரண்டு சொட்டு நடேசன் சேரின் கட்டைவிரலில் விழுந்தது. முத்திரை உடைந்தால் மாதிரி செல்லாது என்பதால் அவரே கொண்டுபோனார். நானும் பேப்பர் கந்தோருக்குப் போவதாகச் சொல்லிக் கூடவே தொற்றிக்கொண்டேன். பஸ் புறப்பட்ட பிறகுதான் கேட்டேன், மருந்து இருந்தால் என்ன நடக்கும் என்று.

“வழக்குத்தான். அந்த டாங்கி புதுசு எண்டுதான் சொல்றா. ஆர் கண்டது? முதல் சாட்சி நீர்.”

அதன்பிறகு எனக்கு நித்திரை வரவில்லை.

சண்டை நின்றிருந்த காலம், ஆனாலும் சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கி நடந்தோம். சிப்பாய் பொதியைக் காட்டி ‘திற’ என்று சைகை செய்தான். நடேசன் சேர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அரசாங்கம் முத்திரை வைத்ததை அரசாங்கமே உடைக்கக்கூடாது என்று மூன்று மொழியிலும் விளக்கினார். சிங்களத்தில் அவர் கொஞ்சம் பலவீனம். நான் விலகி நின்று, இவரை எனக்குத் தெரியாது என்பதுபோல ஒரு மரத்தைப் பார்த்தேன். கடைசியில் ஓர் அதிகாரி வந்து, திறக்கவேண்டாம், நாயை விடுங்கள் என்றார். வெடிமருந்து கண்டால் உட்காரப் பழக்கிய நாய். அது உட்காரவில்லை. பொதியின்மேல் முன்காலைப் போட்டுக் கண்ணை மூடி வீணீர் வடித்தது. இழுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. சிப்பாய்கள் சிரித்தார்கள், பயணிகள் சிரித்தார்கள், நடேசன் சேர் மட்டும் குனிந்து அரக்கு நனைந்ததா என்று பார்த்தார். முத்திரை முழுசாக இருந்தது.

பல கிழமைக்குப் பிறகு ரிப்போட் வந்தது. முழுக்கச் சிங்களம். நடேசன் சேர் பயிற்சி ஒன்றுக்குக் கண்டி போயிருந்தார். பொறுக்கமாட்டாமல் மனோன்மணியக்கா அதைக் கந்தோரில் வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சந்தையில் கருவாட்டுக்குமேல் தொங்கவிட்டா. சனம் கூடியது. யாருக்கும் வாசிக்கத் தெரியாது.

“என்னகா, நஞ்சு எண்டு எழுதியிருந்தாலும் தொங்கவிடுவியாகா?” என்றாள் பக்கத்துக் கடைக்காரி.

மனோன்மணியக்காவின் முகம் அப்படியே நின்றது. அதை அவ யோசித்திருக்கவில்லை. என்னைப் பார்த்தா. நானும் யோசித்திருக்கவில்லை. முதல் சாட்சி என்ற முறையில் கூட்டத்தின் பின்வரிசைக்கு நகர்ந்தேன்.

அந்த நேரம் ரோந்து வந்த சிங்களப் பொலிஸ்காரர் ஒருவர், என்ன கூட்டம் என்று உள்ளே வந்தார். மனோன்மணியக்கா தாளைக் கழற்றி அவர் கையில் கொடுத்தா. அவர் மேலிருந்து கீழே விரல்வைத்து வாசித்தார்.

“நஞ்சி இல்ல,” என்றார். மறுபடி விரல் வைத்தார். “மருந்து ஒண்டும் இல்ல. உப்பு நெறய இரிக்கி.” தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “அரைக் கிலோ போடு” என்றார்.

பன்னிரண்டு மணிக்குள் பந்தலில் இருந்ததும் சந்தைக்கு வந்து விற்று முடிந்துவிட்டது. பக்கத்துக் கடைக்காரி இரண்டு கிலோ வாங்கினாள். பழுகாமத்து விவசாயி வந்து, “உப்புக் கூட எண்டாங்களாமே” என்று விலை குறைக்கக் கேட்டுப் பார்த்தார். மனோன்மணியக்கா சிரித்துச் சிரித்து நிறுத்துக் கொடுத்தா, நிறை பிழைத்து மறுபடி தராசில் வைத்தா. எனக்குச் சும்மா ஒரு பார்சல் கட்டித் தந்து, “இன்னொரு முறைப்பாடு எழுதுங்க தம்பி, மாசம் ஒண்டு” என்றா. அன்று பின்னேரமே ஏஜென்சிக்குப் போய்ப் பாஸ்போட்டைத் திரும்ப வாங்கினா. நான் முப்பது வரி எழுதி அனுப்பினேன். ஒரு வரியும் வரவில்லை.

அந்தச் சாவடி இப்போது இல்லை. பொதிகளும் திறக்காமலே கொழும்புக்குப் போகின்றன. நடேசன் சேர் பென்சன் எடுத்து மகனோடு கனடாவில் இருக்கிறார்.

ரிப்போட் வந்ததற்கு அடுத்த வருசமே சண்டை திரும்பவும் தொடங்கியது. கடலுக்குப் போக விடாத நாள்கள் கூடிக்கொண்டே வந்தன. சந்தைக்கு நாட்டின் மேற்குக் கடற்கரையிலிருந்து லொறியில் கருவாடு வரத் தொடங்கியது. அதற்கடுத்த பங்குனியில் மனோன்மணியக்கா குவைத்துக்குப் போனா.