மாதுளை வரைந்த சீட்டு

என் கல்லூரித் தோழி ஒருத்தி இங்கே செஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள். பொழுது போகாமல் ஆன்லைனில், டாரோ என்று படம் போட்ட சீட்டை எடுக்கவைத்துக் குறி பார்க்கவும் கற்றுக்கொண்டாள். சும்மா இருந்த என்னைக் கிளப்பிவிட்டவள் அவள்தான். நல்ல எண்ணத்தில் செய்தாள், அதனால் வாயாரத் திட்டவும் முடியவில்லை.

அப்போது எனக்கு ஆறாம் மாதம். முதல் குழந்தை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே போய்விட்டதால், இந்த முறை சீக்கிரமே அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றைக்குத் துக்கம் கேட்க வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "பப்பாளி கிப்பாளி சாப்டியா?" என் அம்மாவே ஒரு நாள் கேட்டாள். நான் அப்படி எதையும் தொடவில்லை. ஆனாலும் எதையோ தின்றுதான் பிள்ளையைக் கொன்றுவிட்டேன் என்று எனக்குள் உட்கார்ந்துவிட்டது.

ஒரு நாள் தோழி வீட்டுக்கு வந்து என் கட்டிலில் சீட்டுகளைக் கவிழ்த்துப் பரப்பினாள். ஒன்றை எடுத்தேன். கறுப்புத் தூணுக்கும் வெள்ளைத் தூணுக்கும் நடுவே நீல உடையில் ஒரு பெண். அவளுக்குப் பின்னால் தொங்கிய திரை முழுக்க மாதுளம்பழங்கள்.

"சூப்பர் கார்டுடி! இதுக்கு ஒரு கிரேக்கக் கதை இருக்குது" என்று ஆரம்பித்தாள். அதில் வந்த பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. கதை மட்டும் நன்றாக நுழைந்துவிட்டது. தானியத்துக்கெல்லாம் தெய்வமாக ஒருத்தி, அவளுக்கு ஒரே மகள். மகள் பூப்பறிக்கப் போன இடத்தில் பூமி பிளந்தது. செத்தவர்களின் ராஜா அவளைக் கீழே தூக்கிக்கொண்டு போய்விட்டான். தாய் ஊர் ஊராகத் தேடி அலைந்தாள். மகள் வரும்வரை ஒரு பயிரும் முளைக்காது என்று அடம்பிடித்தாள். கடைசியில் அந்த ராஜா மகளை அனுப்பச் சம்மதித்தான். ஆனால் அந்தப் பெண் அங்கே நாலைந்து மாதுளை முத்துக்களைத் தின்றிருந்தாள். தின்றதால், வருஷத்தில் சில மாதங்கள் அவள் பாதாளத்தில்தான் இருந்தாக வேண்டும்.

"திரும்பி வர்றா பாரு, அதான் பாயிண்ட். கண்ணுக்குத் தெரியாம உள்ள ஒண்ணு வளருது, பொறுமையா இருன்னு சொல்லுது" என்றாள்.

எனக்குத் 'தின்றதால்' என்பதோடு காது அடைத்துவிட்டது. அன்று காலையில்தான் அம்மா உரித்துக் கொடுத்த மாதுளையை ஒரு கிண்ணம் தின்றிருந்தேன்.

மறுநாளிலிருந்து அதைத் தொடவில்லை. அம்மா அந்தப் பக்கம் போனதும் மொட்டைமாடிச் சுவரில் கொட்டிவிடுவேன். கோட்டைக் குரங்குகள் வந்து தின்றுவிட்டுப் போகும். புத்தி கெட்டால் அதோடு நிற்குமா? அடுத்து பேரீச்சம்பழத்தை விட்டேன். அப்புறம் பீட்ரூட், அதுவும் சிவப்புதானே. சத்து மாத்திரையைக்கூட நாக்கில் வைத்ததும் துப்பிவிடுவேன். எங்கள் ஊரில் எங்கே தோண்டினாலும் பாறை, பூமி பிளக்க வழியே இல்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். குழந்தை கொஞ்ச நேரம் அசையாவிட்டால் போதும், எதிரே தெரியும் ராஜகிரி மலையே என் மேல் சரிகிற மாதிரி இருக்கும்.

ஏழாம் மாதச் செக்கப்பில் ரத்தம் படுமோசமாகக் குறைந்திருந்தது. உடனே படுக்கவைத்து, கடுங்காப்பி நிறத்தில் இரும்புச்சத்து மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். நர்ஸ் என் அம்மாவைப் பார்த்துக் கத்தினார்: "பொண்ணுக்குச் சோறு போடுறீங்களா இல்லையா?" அம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். ஊரையே வாயால் மிரட்டுகிறவள் அப்படி நின்றதை என்னால் பார்க்க முடியவில்லை. அழுதுகொண்டே சீட்டு, கதை, குரங்கு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"குரங்கு தினம் டான்னு வந்து நிக்கும்போதே நெனச்சேன். அந்தச் சீட்டுக்காரி வரட்டும், இருக்குது அவளுக்கு" என்று பல்லைக் கடித்தாள். முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டுக் கேட்டாள்: "ஆமா, அந்தக் கதையில அம்மாக்காரி இன்னா பண்ணா?"

"தேடிக்கினே இருந்தா. பயிர் பச்சை எதையும் முளைக்க விடல."

"பொண்ணு வந்துச்சா இல்லியா?"

"வந்துச்சு."

"அப்புறம் இன்னாடி?" என்றவளின் குரல் இறங்கிவிட்டது. "போன வாட்டி நான் ஒன்னைப் பப்பாளி தின்னியான்னு கேட்டிருக்கக் கூடாது. நீ எதையும் தின்னு அது போவல."

இத்தனை நாளில் யாரும் அதை என்னிடம் சொன்னதில்லை. வார்டு என்றும் பாராமல் ஓவென்று அழுதேன். பயம் போய்விட்டதா என்றால், இல்லை. அன்று அம்மா ஊட்டிய சோற்றை ஒவ்வொரு வாயும் பயந்து பயந்துதான் விழுங்கினேன்.

பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் அழவில்லை, முதுகில் தட்டிய பிறகுதான் வீறிட்டாள். அந்த இடைவெளியில் நான் செத்துப் பிழைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அவள் தூங்கினால் எனக்குத் தூக்கம் கிடையாது. மூச்சு வருகிறதா என்று அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

ஒரு மத்தியானம் என்னையறியாமல் கண் அசந்துவிட்டேன். மேலுதட்டில் ஏதோ பட்டது போலிருந்து விழித்தேன். அம்மா குனிந்து நின்றிருந்தாள். அவளுடைய விரல் என் மூக்கருகே இருந்தது.

"இன்னா பாக்குற? தூங்கு" என்று கையை எடுத்துக்கொண்டாள்.