தூக்க மருந்தும் என் கேள்விகளும்

என் வீட்டுக்காரருக்கு நுரையீரலில் புற்று. தென்காசி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டோம். கடைசியில் மார்ஃபின் மருந்துக்கும் மூச்சுத்திணறல் அடங்கவில்லை. வீட்டுக்கே வந்து பார்க்கும் டாக்டரம்மா, இனித் தூங்க வைக்கும் மருந்துதான் வழி என்றார்.

முப்பது வருஷம் அறிவியல் நடத்தியவள் நான், சும்மா விடுவேனா? "அப்போ இது ஆளை முடிக்குத மருந்தா?" என்று நேராகவே கேட்டேன்.

"இல்ல டீச்சர். உயிரை எடுக்க இல்ல, தவிப்பை அடக்கத்தான். கொஞ்சமாத் தொடங்கி, அவர் நிம்மதியாகுத அளவோட நிறுத்திருவோம். அவருக்குச் சம்மதமான்னும் கேக்கணும்."

அளவு சரியென்று எப்படித் தெரியும்? தண்ணீர் கொடுக்கலாமா? கூப்பிட்டால் விழிப்பாரா? டாக்டரம்மா சொல்லச் சொல்ல எனக்கு ஆர்வம் கூடியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த அரை மணி நேரம் அழக்கூட மறந்துவிட்டேன். விவரமெல்லாம் இதில் இருக்கிறது என்று வழிகாட்டுதல் தாள் ஒன்றையும் கொடுத்தார்.

கட்டிலில் சாய்ந்திருந்தவர் மூச்சுக்கு நடுவே சிரித்தார். "ஏட்டி, இன்னும் எத்தனை கேள்வி கேப்ப? அந்தப் பிள்ளைய விடு. என்னால முடியல. போடச் சொல்லு."

போட்டார்கள். தோலுக்கடியில் ஊசி, பக்கத்தில் சின்ன பம்ப். சாரல் உள்ளே அடித்ததால் ஜன்னலைச் சாத்தினேன். பல நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினார்.

பிறகு சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். சாகக் கிடப்பவரை உலுக்கி, வந்தது யாரென்று அவர் வாயால் சொல்ல வைக்காவிட்டால் எங்கள் ஆட்களுக்குப் பார்த்த மாதிரியே இருக்காது. வாசுதேவநல்லூரிலிருந்து வந்த மதினி, அவருடைய அக்கா, நேரே போய்த் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஏலே தம்பி, இங்கன பாரு. யாரு வந்திருக்கா, தெரியுதா?"

அவர் விழித்தார். விழித்ததுமே மறுபடி அந்தத் திணறல். எனக்கு வந்ததே கோபம்! "கையை எடுங்க மதினி! இப்பதான் தூங்குதாரு. உங்களைத் தெரிஞ்சு இப்ப என்ன ஆகணும்?" என்று கத்திவிட்டேன். மதினி அழுதுகொண்டே அடுக்களைக்குப் போனார். பம்பைப் பார்த்துக்கொள்ள டாக்டரம்மா விட்டுப்போயிருந்த நர்ஸ், அவரிடம் போனில் கேட்டு அளவைக் கூட்டினாள். திணறல் அடங்கி மறுபடி தூங்கினார் என் வீட்டுக்காரர்.

இனி ஒருத்தரையும் உள்ளே விடுவதில்லை என்று அறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் தாளை முழுதாகப் படித்தேன். மருந்து தொடங்குமுன் நோயாளியும் குடும்பத்தாரும் பேச வேண்டியதைப் பேசிக்கொள்ள நேரம் தர வேண்டும் என்று அதில் இருந்தது. டாக்டரம்மா தரத்தான் செய்தார். "ரெண்டு பேரும் பேசுங்க, நான் வெளிய இருக்கேன்" என்று எழுந்தவரை, "இருங்க, இன்னொரு சந்தேகம்" என்று உட்கார வைத்தவள் நான்தான். பாவி!

உள்ளே போனேன். மதினி பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, அவர் காதருகே குனிந்தேன்.

"ஏங்க, என்னைத் தெரியுதா?"

கண் திறக்கவில்லை. மூச்சு மட்டும் சீராக வந்தது. அதற்கும் தாளில் ஒரு வரி இருந்தது. கூப்பிட்டும் விழிக்காமல், தவிப்பில்லாமல் மூச்சு சீராக இருந்தால் அளவைக் கூட்ட வேண்டியதில்லை.