ஹோஸ் பைப்பில் சந்தனம்

என் அண்ணனுக்கு இரண்டு விஷயத்தில் பக்தி அதிகம். ஒன்று, தெருமுனை அம்மன் கோயில். இன்னொன்று, கைமாறி வந்த அவனுடைய பழைய கார். அம்மனையாவது வெள்ளிக்கிழமைதான் பார்ப்பான், காரைத் தினமும் துடைப்பான். செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் அவனுக்கு மெயின்டனன்ஸ் வேலை. எந்தக் குழாய் எங்கே கசிகிறது என்று பார்ப்பதுதான் பிழைப்பு. ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்.

எனக்கு வளைகாப்பு நடந்தது ஒரு பங்குனி மாதத்தில், சிதம்பரத்தில் என் புகுந்த வீட்டில். அது முடிந்ததும் பெண்ணைப் பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். அதற்காக அண்ணன் கடலூரிலிருந்து காரோடு விடியும் முன்பே வந்துவிட்டான். வளையல் அடுக்கி முடிந்ததும், கடலூரில் ஆரத்தி கரைத்து வைக்க வேண்டும் என்று அம்மா முன்னதாகவே பஸ் ஏறிவிட்டாள்.

இது எனக்கு இரண்டாவது முறை. முதல் முறை ஐந்தாம் மாதத்தோடு போய்விட்டது. அப்போது நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் என் மாமியார் ஒரு தடவைகூட வந்து பார்க்கவில்லை. வேளா வேளைக்குச் சோறு மட்டும் என் கணவரிடம் கொடுத்தனுப்பினார். அதை நான் மறக்கவில்லை. எனக்கு ஞாபகம் ஜாஸ்தி, அதிலும் கோபம் சம்பந்தப்பட்டதென்றால் கேட்கவே வேண்டாம். அவரை அத்தை என்று கூப்பிடுவேன், கேட்டதற்குப் பதில் சொல்வேன், அதோடு சரி.

இந்த முறை வீட்டில் எல்லோருக்கும் பயம். பயம் வந்தால் சாஸ்திரமும் கூடவே வந்துவிடும். வாசல் தாண்டிய பெண் இனி குழந்தையோடுதான் உள்ளே வரவேண்டும், எதையாவது மறந்துவிட்டேன் என்று திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது என்று அத்தை முந்தின நாளே சொல்லிவிட்டார். டாக்டர் தன் பங்குக்கு, குலுங்காமல் போக வேண்டும், வழியில் எங்கும் வெயிலில் நிற்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்.

நல்ல நேரத்தில் வாசலைத் தாண்டினேன். இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல், கன்னத்தில் அப்பிய சந்தனம். அண்ணன் தண்ணீர் பார்க்கிறேன் என்று பானட்டைத் தூக்கி வைத்திருந்தான். வேறு வேலை இல்லாததால் நானும் எட்டிப் பார்த்தேன். ரேடியேட்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் கறுப்பு ரப்பர் ஹோஸின் முனையில், அதை இறுக்கும் கிளாம்பைச் சுற்றி மஞ்சளாகத் திட்டுத் திட்டாக ஏதோ ஒட்டியிருந்தது.

"இதென்னண்ணா?"

"சந்தனம்டி. ஆயுத பூஜைக்கு வச்சது. தொடாத."

என் கன்னத்தைத் தடவினேன். காலையில் வைத்தது காய்ந்து, பொருபொருவென்று கையோடு வந்தது.

"எனக்குக் காலைல வச்சதே இப்ப உதுருது. உன் வண்டியில மட்டும் பொரட்டாசில வச்சது பங்குனி வரைக்கும் நிக்குதா?"

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே விரலால் சுரண்டினான். சுரண்டிய இடத்தில் ஈரம் இருந்தது. அதோடு சிரிப்பு நின்றது. ரேடியேட்டருக்கென்று விற்கும் கூலன்ட் ஊற்றாமல் வீட்டுப் போர் தண்ணியையே ஊற்றி ஓட்டிக்கொண்டிருந்தான். எங்கள் கடலூர் வீட்டுத் தண்ணீர் எவ்வளவு உப்பு என்பது எங்கள் வீட்டுக் குடங்களுக்குத் தெரியும். அந்த உப்பும் உள்ளே இருந்த துருவும் சேர்ந்து கசிந்து, சந்தன நிறத்தில் காய்ந்திருக்கிறது. அதைச் சாமி காரியம் என்று துடைக்காமல் விட்டிருக்கிறான்.

ஹோஸை அழுத்திப் பார்த்தான். நடுவில் கட்டையாக விறைத்திருந்தது. கிளாம்ப் பக்கம் ஊறின அப்பளம் போலக் கொழகொழவென்று உள்ளே போனது. கொஞ்சம் வளைத்ததும் மேலெல்லாம் நரம்பு நரம்பாக வெடிப்பு தெரிந்தது.

"இது கடலூர் வரைக்கும் தாங்காது மாப்ள," என்றான் என் கணவரிடம், தலையை நிமிர்த்தாமலே. "புதுச்சத்திரம் தாண்டி வெடிச்சிருந்தா நடு ரோட்டுலதான் நின்னுருப்போம்."

"வாடகை வண்டி கூப்புடவா மச்சான்?"

"அண்ணன் வண்டியில போறதுதான் மொற," என்று அத்தை பின்னாலிருந்து சொன்னார். "மாத்திட்டே போங்க."

எனக்குச் சுருக்கென்றது. உள்ளே போகக் கூடாது. வண்டியிலும் போக முடியாது. வயிற்றைத் தூக்கிக்கொண்டு தெருவில் நான் என்ன செய்வது? முறையாம் முறை என்று வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் அத்தை வீட்டுக்குள் போய்விட்டார். போனவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்து வேப்பமர நிழலில் போட்டார். மறுபடி போய் இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டு, அதில் தானே உட்கார்ந்துவிட்டார்.

"வெயிலா இருக்குது. நீங்க உள்ள போங்க அத்த," என்றேன்.

"நீதான் உள்ள வரக்கூடாது. நான் வெளிய வரலாம்ல."

எஞ்சின் காலையிலிருந்து நின்று ஆறியிருந்தது. அண்ணன் கீழே ஒரு பேசினை வைத்துத் தண்ணீரை வடித்தான். கிளாம்பைத் தளர்த்தியும் ஹோஸ் வரவில்லை. திருகி இழுத்தால் ரேடியேட்டர் மூக்கு ஒடிந்துவிடும் என்று, கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்தெடுத்தான். அதை மாதிரிக்கு ஒரு பையில் போட்டுக்கொண்டு என் கணவர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் பைக்கில் பறந்தார். பறந்த வேகத்தில் நேரான ஹோஸ் ஒன்றை வாங்கி வந்தார். இதை வளைத்தால் மடங்கி, தண்ணீர் போகிற வழி அடைத்துக்கொள்ளும், அச்சில் வளைத்தே வரும் ஹோஸ்தான் வேண்டும் என்று அண்ணன் திருப்பி அனுப்பினான். எங்கள் நாற்காலிகளைச் சுற்றிக்கொண்டு ஷேர் ஆட்டோக்கள் போயின. போகிறவர்கள் எல்லாம் என் வளையலையும் திறந்து கிடந்த பானட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டு டீச்சரம்மா மோர் கொண்டுவந்தார்.

அத்தை எனக்குப் புளிசாதம் எடுத்துவந்து தட்டில் போட்டார். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், காரைப் பார்த்தபடி சொன்னார்.

"அன்னைக்கி ஆஸ்பத்திரிக்கு நான் வந்தேன்மா. கேட்டு வரைக்கும் வந்தேன். உன் மூஞ்சியப் பாக்க தைரியம் வரல. திரும்பிப் போய்ட்டேன்."

கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தேன். அழுகைதான் வந்தது.

"வந்துருக்கலாம் அத்த," என்றேன்.

"வந்துருக்கணும்," என்றார். முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். மிச்சமிருந்த சந்தனமும் அதோடு போய்விட்டது.

என் கணவர் இரண்டாவது முறை சரியான ஹோஸோடு வந்தார். புதுக் கிளாம்பும் கூலன்டும்கூட வாங்கியிருந்தார். அண்ணன் ரேடியேட்டர் மூக்கில் படிந்திருந்த உப்பை எமரி பேப்பரால் தேய்த்து எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினான். கூலன்ட் ஊற்றி, மூடியைத் திறந்தே வைத்து எஞ்சினை ஓடவிட்டான். உள்ளே மாட்டியிருந்த காற்றெல்லாம் குமிழ் குமிழாக வெளியேறி முடிந்ததும் மூடியைப் போட்டு, கசிகிறதா என்று விரலால் சுற்றித் தடவிப் பார்த்தான்.

அத்தை எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றார். "நல்லாருக்குதுன்னு எப்டி தம்பி கண்டுபுடிப்ப?"

"வண்டி சூடு இல்லாதப்ப அழுத்திப் பாக்கணும் அத்த. அழுத்துனா அமுங்கணும், விட்டா பழையபடி வரணும். வெறச்சிப் போனாலும் தப்பு, கொழகொழன்னு போனாலும் தப்பு." கீறிப்போட்ட பழைய ஹோஸை எடுத்து அவர் கையில் கொடுத்தான். அத்தை அதை முனைக்கு முனை அழுத்திப் பார்த்துவிட்டு என் வயிற்றைப் பார்த்தார்.

நல்ல நேரம் போய்விட்டதே என்று நான் கேட்டதற்கு, வாசல் தாண்டினதுதான் கணக்கு, வண்டி எப்போது கிளம்பினால் என்ன என்று சாஸ்திரத்தை அவரே வளைத்துக்கொண்டார். புதுச்சத்திரம் தாண்டும்போது வெளியே அனல் அடித்தது, எங்கும் ஒரு மர நிழல் இல்லை. அண்ணனின் கண் டெம்பரேச்சர் முள்ளைவிட்டு நகரவில்லை. அது நடுவிலேயே நின்றது. வயிற்றுக்குள் குழந்தை ஒருமுறை புரண்டது. அந்தப் பழைய ஹோஸுக்கு நான் நன்றி சொல்லிக்கொண்டேன். நடுவழியில் வெடிக்காமல் வாசலிலேயே காட்டிக்கொடுத்ததே, அதற்கு. இல்லையென்றால் அத்தையின் பக்கத்தில் நான் அப்படி உட்கார்ந்திருக்கப் போவதும் இல்லை.

மகள் பிறந்து ஐந்தாம் மாதம், அதே காரில் சிதம்பரத்துக்கு வந்தோம். அத்தை ஆரத்தித் தட்டோடு வாசலில் காத்திருந்தார். சுற்றிக் கொட்டினார். குழந்தையை வாங்குவார் என்று நீட்டினேன். அவர் அண்ணனிடம் சொன்னார்: "பானட்டத் தொற தம்பி."

"சூடா இருக்குது அத்த. கை வைக்காதீங்க."

"அப்ப பாக்க மட்டும் பாக்கறேன்."

குனிந்து, கிளாம்பைச் சுற்றி நிதானமாகப் பார்த்தார். மஞ்சள் திட்டு ஏதும் இல்லை. அதன் பிறகுதான் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இப்ப உள்ள வா," என்றார். பேத்தியிடம்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். இன்னொரு கை என் கையைப் பிடித்திருந்தது.