அகழிக்கு உள்ளே மேபல் ப்ரீஸ்

மேபல் ப்ரீஸ் பிறந்தது கோட்டைக்குள். உடனே ராணி மாதிரி வளர்ந்தாள் என்று நினைத்துவிட வேண்டாம். வேல்ஸ்காரர்கள் கொள்ளையடிக்க வருவார்கள் என்று பயந்து, எந்தக் காலத்திலோ ஒரு பிரபு எல்லையை ஒட்டிய எங்கள் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் கட்டிய கோட்டை அது. அவர் வம்சம் அற்றுப்போய், கூரை விழுந்து, கடைசியில் குத்தகைக்காரர்கள் கைக்கு வந்தது. மேபலின் தாத்தா நாளிலேயே பிரபு விருந்து வைத்த கூடத்தில் வைக்கோல் போர். ஜெப அறையில் கன்றுக்குட்டிகள். சுற்றிலும் அகழி. உள்ளே போக ஒரே ஒரு பாலம்.

அப்பா போன பிறகு பண்ணையை அவள்தான் நடத்தினாள். நான் பக்கத்தில் பார்லி போடுகிறவன். ஒருமுறை, கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டும் பார்த்தேன்.

"பால் கறக்கற நேரத்துல வந்து கேக்குறியே, ஆல்ஃப்! அந்த வாளிய இப்படித் தள்ளு."

அதோடு சரி.

அறுபத்தேழாம் வருஷம் குளிர் தொடங்கும்போது கோமாரி வந்தது. ஒரு மாட்டுக்குக் கண்டாலும் அந்தப் பண்ணையின் எல்லா மாடுகளையும் சுட்டு எரித்துவிடுவார்கள். மேபல் பாலத்தில் மருந்தில் நனைத்த வைக்கோலைப் பரப்பி, வாயில் கதவுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினாள். கறந்த பாலைக்கூட வெளியே அனுப்பவில்லை. நான் கயிறு கட்டிய கூடையில் ரொட்டி வைப்பேன். அவள் உள்ளேயிருந்து இழுத்துக்கொள்வாள்.

"எப்படி இருக்கே?" என்று கத்துவேன்.

"முற்றுகையில இருக்கேன். கிட்ட வந்தா கொதிக்கிற எண்ணெய ஊத்திடுவேன்!"

ஒரு காலையில் அவள் கூடையை இழுக்கவில்லை.

"ஆல்ஃப், டாம்சன் பசுவுக்கு எச்சில் ஒழுகுது. நாக்கெல்லாம் கொப்புளம்."

"இன்னொரு தடவ பாரு."

"பாத்துட்டேன். மாட்டு டாக்டருக்கு நானே போன் பண்ணிட்டேன்." பிறகு கேட்டாள்: "இது காத்துலயும் வருமாமே?"

கால்நடை மருத்துவர் ஆட்களோடு வந்தார். பாலத்தில் போலீஸ்காரர் என்னை மறித்துவிட்டார். அகழிக்கு இந்தப் பக்கமே நின்றேன். பேச்சு காதில் விழுந்தது.

"நீங்க வீட்டுக்குள்ள போயிடுங்க, மிஸ் ப்ரீஸ்."

"நான் புடிச்சாத்தான் மாடு நிக்கும். நீங்க புடிச்சா மிரளும்."

ஒவ்வொன்றாக அவளே முற்றத்துக்கு நடத்தி வந்தாள். ஒவ்வொரு வெடியும் நாலு சுவரிலும் மோதித் திரும்பியது. நான் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றேன். வேறெதுவும் செய்யத் தோன்றவில்லை.

நோய் அடங்கி, மறுபடி மாடு வாங்கலாம் என்று உத்தரவு வந்தது. சந்தைக்குக் கூப்பிடப் போனேன். காலித் தொழுவத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வாங்கி எப்படிக் காப்பாத்துவேன்? பூட்டுப் போட்டேன், ஆல்ஃப். அதுக்கு மேல என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல."

நானும் ஒரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டேன். செப்டம்பரில் குத்தகையை விட்டுவிட்டு, லட்லோவில் தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். சாமான்களை என் டிராக்டரில்தான் ஏற்றினோம். இருந்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். இருந்து என்ன செய்யச் சொல்வது? வண்டியைக் கிளப்பினேன்.