பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வை

காலையில் கார் கவரை இழுத்தால் ராத்திரிப் பனியெல்லாம் என் கைமேல் கொட்டும். கதவைத் திறந்ததும் லெதர் வாசனை... பட்டனை அழுத்தினால் 'உர்ர்ர்' என்று ஒரு உறுமல். கோவிலம்பாக்கத்தில் எங்கள் அபார்ட்மெண்ட் வாசலில் தண்ணி லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம்கூட அதில் அமுங்கிப் போகும்.

அது மச்சானுடைய கார். மச்சான் என்றால் என் வீட்டுக்காரர், எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். டர்போ பெட்ரோல் எஞ்சின். மிதித்தால் பறக்கும் ஜாதி. பல வருஷ ஆசை, செகண்ட் ஹேண்டில் வாங்கினார். வாங்கிய கையோடு ஷார்ஜாவில் வேலை!

ஏர்போர்ட்டில் பொண்டாட்டியைப் பிரிகிற மனுஷன் என்ன சொல்லுவார்? இவர் சொன்னது இது.

"தெனமும் பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வை. யார்கிட்டயும் ஓட்டக் குடுத்துராத. ஒரு கீறல் விழுந்தாலும் என் உசுரே போயிரும்."

எனக்கென்று ஒரு வார்த்தை? மூச்!

ஆனாலும் செய்தேன். விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டுக் கீழே இறங்குவேன். ஸ்டார்ட் செய்துவிட்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். எஞ்சின் சத்தத்தை ரெக்கார்ட் பண்ணி வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும், அதைக் கேட்டுவிட்டுத்தான் துரை டூட்டிக்குப் போவார். கார்பன் பிடிக்காமல் இருக்க ஏதோ கிளீனர் என்று ஆன்லைனில் வாங்கி அனுப்புவார். அதையும் பெட்ரோல் டேங்கில் பயபக்தியோடு ஊற்றுவேன்.

நடுவில் அவருக்குத் தெரியாமல் நானும் ஒரு காரியம் பண்ணினேன். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் எடுத்துவிட்டேன். அவர் லீவில் வரும்போது அவருடைய காரிலேயே ஏர்போர்ட் போய் நின்று, ஆளை அப்படியே வாயடைக்க வைக்கணும். அதுவரைக்கும் அந்த வண்டியை ஒரு அடிகூட நகர்த்த மாட்டேன் என்று வைராக்கியம்.

அவர் வர ஒரு வாரம் இருக்கும்போது, வழக்கம்போல் பட்டனை அழுத்தினேன். வண்டி குளிர்ஜுரம் வந்த மாதிரி உதறியது. டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு வேறு.

அன்று சத்தம் அனுப்பவில்லை. ஃபோன் சார்ஜ் இல்லை என்று ஒரு பொய். வண்டியைத் தூக்கிப் போகிற லாரியை வரவழைத்து, மேடவாக்கம் பக்கம் ஒரு கராஜில் கொண்டுபோய் இறக்கினேன்.

கராஜ்காரர் எஞ்சின் மேல் பாகத்தைக் கழற்றி, காற்று உள்ளே போகிற வால்வு இருக்கும் துவாரத்தில் லைட் வைத்த குட்டிக் கேமராவை விட்டார். ஃபோன் ஸ்கிரீனில் காட்டினார்.

யா அல்லாஹ்!

பிரியாணி தேக்சா அடிப்பிடித்துத் தீய்ந்தால் எப்படி இருக்கும்... அப்படி. கட்டி கட்டியாகக் கரி. நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னாக்கா, எம்மாந் தூரம் ஓடுன வண்டி இது?"

"வாங்குனதுலேருந்து ஓடவே இல்லைங்க. தினமும் பத்து நிமிஷம் ஸ்டார்ட் மட்டும் பண்ணி வைப்பேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே!

"அதான்க்கா மேட்டரு! சும்மா நின்னுகினு உறுமுனா வண்டி முழுசா சூடாவாது. ஆயில் ஆவி வந்து வால்வுல ஒட்டிக்கும். இந்த எஞ்சின்ல பெட்ரோல் வால்வு மேல படாது, நேரா உள்ள பாயும். கழுவி வுட ஆளே கெடையாது."

"அப்போ டேங்க்ல ஊத்துன கிளீனரு?"

"அதுவும் பெட்ரோலோட நேரா உள்ள பூடும், வால்வாண்ட எப்டிக்கா போவும்?"

அத்தனை பாட்டிலும் வீண்! வால்நட் ஓட்டைத் தூளாக்கிப் பீய்ச்சி அடித்துக் கரியை எடுப்பார்களாம். நான் பாயசத்தில் போடவே யோசிக்கிற வால்நட்!

இனி மறைத்துப் பயனில்லை. ஃபோட்டோவை மச்சானுக்கு அனுப்பினேன். உடனே கால்.

"அடிப்பாவி, என்ன பண்ணித் தொலச்ச என் வண்டிய?"

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம்.

"நீங்க சொன்னதத்தான் பண்ணேன்! தெனமும், ஒரு நாள் விடாம!" என்று கத்திவிட்டு, கராஜ்காரர் சொன்னதையும் ஒப்பித்தேன்.

அவர் இறங்கிய குரலில், "அப்பப்ப யாராச்சும் நல்லா தூரமா ஓட்டியிருந்தா இவ்ளோ ஆயிருக்காதுல்ல..." என்றார்.

"நான் ஓட்டியிருப்பேன். லைசென்ஸ் இருக்கு."

"லைசென்ஸா? உன்கிட்டயா?"

"ஆமா."

"அப்புறம் ஏன்டி ஓட்டல?"

"கீறல் விழுந்தா உசுரு போயிரும்னு சொல்லிட்டுப் போனீங்களே மச்சான்."

"சரி, வண்டிய நல்லா ரெடி பண்ணச் சொல்லு" என்று ஃபோனை வைத்தார்.

வண்டி நல்லபடியாகத் தயாராகி வந்தது. ஏர்போர்ட்டுக்கு நானே ஓட்டிப்போனேன். மச்சான் பெட்டியை டிக்கியில் வைத்துவிட்டுப் பழக்கத்தில் டிரைவர் பக்கம் வந்து நின்றார். நான் இறங்கவில்லை. கொஞ்சம் பார்த்தார்... சுற்றிப் போய் இந்தப் பக்கம் உட்கார்ந்தார். ரேடியல் ரோடு முழுக்க சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டே வந்தார் என்பது வேறு விஷயம்.

லீவு முடிந்து போய்விட்டார். இப்போது கராஜ்காரர் சொன்னபடி நேரத்துக்கு ஆயில் மாற்றுகிறேன், சும்மா நிறுத்தி உறும விடுவதும் இல்லை. சனிக்கிழமை காலையில் வண்டலூர் தாண்டி, எஞ்சின் நன்றாகச் சூடானபிறகு காலியான ரோட்டில் கொஞ்சம் இழுத்து ஓட்டிவிட்டு வருவேன். அந்தப் பழைய காலைகள் சில சமயம் நினைவுக்கு வரும். பனி, லெதர் வாசனை, அந்த உறுமல்... அவ்வளவு காலைகள் எங்கேயுமே போகாமல் உட்கார்ந்திருந்தேனே என்று மனசு என்னவோ செய்யும்.

போன வாரம் மேடவாக்கம் நெரிசலில் தண்ணி லாரி ஒன்று இடது கதவில் நீளமாக ஒரு கோடு இழுத்துவிட்டது. ரோட்டோரம் ஒதுங்கி, இறங்கி ஃபோட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

பதில் வந்தது. "கதவு கெடக்குது விடு. உனக்கு ஒண்ணும் ஆவலயே?"

கரியைப் பார்த்த அன்றுகூட நான் இப்படி ஆடிப்போகவில்லை. வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து, எஞ்சினை ஆஃப் பண்ணிவிட்டு, அந்த மெசேஜை மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருந்தேன்.